கியூஜிஐஎஸ்: தோட்டத்து ஆபீஸிலிருந்து ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கியூஜிஐஎஸ் கணினியில் நில வரைபடம் போட நல்ல மென்பொருள். காசு கிடையாது. ஆனால் சும்மா கிடைக்கிறதே என்று கணினியில் ஏற்றிவிட்டு, மறுநாள் "அக்கா, ஒண்ணுமே புரியல" என்று எனக்கு வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். இதில் கஷ்டம் பொத்தான்களில் இல்லை. ஓர் எண்ணைப் பார்த்ததும் "இது எந்தக் கணக்கில் எழுதிய எண்?" என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும், அதுதான் கஷ்டம். அந்தப் பழக்கம் வந்தவர்களுக்கு இது தங்கமான சாமான். வராதவர்களுக்கு அழகழகான தப்பு வரைபடங்களை வண்ணத்தில் அச்சடித்துக் கொடுக்கும்.

நான் மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணி. செக்ரோல், குலை எடை, உரக் கணக்கு, கான்ட்ராக்டர் பில், இதுதான் என் வேலை. நில அளவை படித்தவள் இல்லை. எஸ்பிஎம் என்ற பள்ளித் தேர்வு முடித்ததோடு சரி. அதனால் இது நிபுணர் விமர்சனம் இல்லை, தினம் இதோடு மல்லுக்கட்டும் ஆளின் விமர்சனம்.

எங்கள் ஆபீஸுக்கு இது வந்த காரணம் ஐரோப்பாவில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் காடழிப்புக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தது. செம்பனை, ரப்பர், காப்பி, கொக்கோ, சோயா, மரம், மாடு, இந்த ஏழும் அவர்கள் சந்தைக்குள் போக வேண்டும் என்றால், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழித்த நிலத்திலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. அதை நிரூபிக்க, விளைந்த நிலத்தின் ஆள்கூறுகளை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுக்க வேண்டும். 4 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலம் என்றால் எல்லையைச் சுற்றி வரைந்த பரப்பு. அதற்குள் என்றால் ஒரு புள்ளி போதும். தசமப் புள்ளிக்குப் பிறகு 6 இலக்கம். சட்டம் அமலாகும் தேதி தள்ளித் தள்ளிப் போனது. ஆனால் குலை வாங்கும் ஆலைக்காரர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை, விவரம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எம்எஸ்பிஓ என்ற மலேசியச் செம்பனைச் சான்றிதழ் வேறு 2020 முதல் கட்டாயம். காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் மேனேஜர் என் மேசைக்கு வந்து, "நீதான் கம்ப்யூட்டர் நல்லா பார்ப்பியே, இதையும் பார்த்துக்கோ" என்றார். வேலை கூடியது. சம்பளம் கூடவில்லை, அதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது.

இப்போது பொருளுக்கு வருவோம். கியூஜிஐஎஸ்ஸை 2002இல் அலாஸ்காவில் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கினார். அப்போது குவாண்டம் ஜிஐஎஸ் என்று பெயர், 2013இல் சுருக்கிக்கொண்டார்கள். உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதும் திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். நான்கு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும், கூடவே நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று ஒன்றும் இருக்கும். ஆபீஸ் வேலைக்கு அந்த நீண்டகாலப் பதிப்பையே எடுங்கள். புதிதாக வந்ததை எடுத்துப் பார்ப்பது பொழுதுபோக்குக்காரர்கள் வேலை. இறக்க வேண்டிய கோப்பு 1 ஜிபிக்கு மேல், அதனால் கைப்பேசி டேட்டாவில் இறக்காதீர்கள். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியிலும் ஓடும். ட்ரோன் படம் ஏற்றினால் திணறும். 8 ஜிபி இருந்தால் நிம்மதி.

திறந்ததும் திரை நிறைய பொத்தான். அதில் முக்கால்வாசியை நான் இன்றுவரை தொட்டதில்லை, தொடாமலே வேலை நடக்கிறது. கற்றுக்கொள்ள அவர்கள் தரும் பயிற்சிப் பாடம் இலவசம்தான், தெளிவாகவும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதில் வரும் ஊர் தென்னாப்பிரிக்காவின் ஸ்வெல்லெண்டாம். அங்கத்திய பண்ணை, அங்கத்திய ரோடு. அதைப் பார்த்துச் செய்துவிட்டு நம் தோட்டத்துக்கு வந்தால் இங்கே எதுவும் அப்படி இருக்காது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடிப்படை யோசனை எளிது. உலகத்தில் இருக்கும் எதையும் மூன்று வடிவத்தில் வரையலாம்: புள்ளி, கோடு, பரப்பு. செம்பனை மரம், கோயில், மதகு, குலை சேர்க்கும் மேடை எல்லாம் புள்ளி. பாரிட் (கால்வாய்), ரோடு, மின்கம்பி வரிசை எல்லாம் கோடு. பீல்டு (தோட்டத்தை எண் போட்டுப் பிரித்த பகுதி), ஆறு, தாமான் (குடியிருப்பு) எல்லாம் பரப்பு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அட்டவணை ஒட்டிக்கொண்டிருக்கும். பீல்டைச் சொடுக்கினால் நட்ட வருஷம், மர எண்ணிக்கை, போன மாத எடை எல்லாம் வரும். இவை தவிர, கட்டம் கட்டமாக இருக்கும் படங்கள் தனி வகை: செயற்கைக்கோள் படம், ட்ரோன் படம், உயரத் தரவு. எல்லாவற்றையும் லேயர் லேயராக ஒன்றின்மேல் ஒன்று போட்டு, எதோடு எது பொருந்துகிறது என்று கேட்பதுதான் மொத்த வித்தையும். 1960களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் அந்த நாட்டு நிலக் கணக்கெடுப்புக்காகக் கணினியில் முதலில் செய்து காட்டியதும் இதைத்தான். அவருக்கு ஓர் அரசாங்கமே பின்னால் நின்றது. இன்றைக்கு அதே வேலையை ஒரு கோப்பைத் தே தாரே ஆறுவதற்குள் ஒரு கிராணி செய்கிறாள்.

சரி, இதில் எல்லாரும் வழுக்கி விழும் இடத்துக்கு வருவோம்.

ஆற்றோரம் ஆறு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவர் நாங்கள் போடும் அதே ஆலைக்குத்தான் குலை போடுகிறார். ஆறு ஏக்கர் என்றால் இரண்டரை ஹெக்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் அவருக்கு ஒரு புள்ளி போதும். எப்போதோ யாரோ ஒரு பழைய அரசாங்க வரைபடத் தாளிலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்துக் கொடுத்த சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். அந்த எண்ணை அப்படியே ஏற்றினால் புள்ளி சுங்கை சிலாங்கூர் ஆற்றின் நடுவில் விழுகிறது. திரையைப் பார்த்தவர், "என்னம்மா, நான் என்ன மீனா வளர்க்கிறேன்?" என்றார்.

சீட்டில் தப்பில்லை. எண்ணும் சரி. ஆனால் அது கெர்தாவ் என்ற பழைய அளவை முறையில் எழுதிய எண். பகாங்கில் இருக்கும் புக்கிட் கெர்தாவை மூலமாக வைத்து, எவரெஸ்ட் 1830 என்ற நீள்கோள வடிவத்தைப் பூமியாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது. நம் கைப்பேசி ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கில். இரண்டிலும் ஒரே இடத்துக்கு எண் வேறு. எங்கள் வட்டாரத்தில் வித்தியாசம் நூறு மீட்டருக்கு மேல், அதுவும் பெரும்பாலும் கிழக்கு மேற்காக. பெரியவரின் நிலத்துக்குக் கிழக்கேதான் ஆறு. அதான் விஷயம்.

இதற்குக் கியூஜிஐஎஸ் தரும் மருந்து அருமை. உலகத்தில் உள்ள அளவை முறைகளுக்கெல்லாம் இபிஎஸ்ஜி என்று ஓர் எண் பட்டியல் உண்டு, அது முழுக்க உள்ளேயே இருக்கிறது. கெர்தாவ் அட்சரேகை தீர்க்கரேகைக்கு 4245. ஜிபிஎஸ்ஸுக்கு 4326. தீபகற்ப மலேசியா முழுக்க மீட்டர் கணக்கில் வேண்டும் என்றால், மலேசியாவின் ஜிடிஎம் 2000 அளவை முறையில் ஆர்எஸ்ஓ என்ற வரைவுக்கு (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் போடும் முறைக்கு) 3375. தீபகற்பம் நேராக நிற்காமல் சாய்ந்து கிடக்கிறதல்லவா, அந்தச் சாய்வுக்கு ஏற்ப வரைவையும் சாய்த்துப் போட்டது இந்த ஆர்எஸ்ஓ. நிலப்பட்டா அளவைக்கு மாநிலக் கணக்கில் காசினி என்று வேறொரு குடும்பமே இருக்கிறது, சிலாங்கூருக்கு 3380, பேராக்குக்கு 3384. பழைய கெர்தாவ் ஆர்எஸ்ஓவை மீட்டரில் வேண்டுமானால் 3168, சங்கிலிக் கணக்கில் வேண்டுமானால் 3167. சங்கிலிக்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதைக் கண்டபோது எனக்கு ஒரே சந்தோஷம். தென்னாப்பிரிக்கப் பாடத்தில் இதெல்லாம் வராது. மலேசியாவில் வேலை செய்கிறவர் இந்த எண்களை எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே கியூஜிஐஎஸ்ஸில் இரண்டு கட்டளைகள் பக்கத்துப் பக்கத்து மெனுக்களில் இருக்கின்றன. ஒன்று, லேயரின் அளவை முறை இன்னது என்று சொல்வது. மற்றது, லேயரை வேறோர் அளவை முறைக்கு மாற்றுவது. முதலாவது லேபிள் ஒட்டும் வேலை மட்டும். மிளகாய்த்தூள் டப்பாவில் மஞ்சள்தூள் என்று லேபிள் ஒட்டினால் மிளகாய் மஞ்சளாகிவிடுமா? பெரியவரின் புள்ளிக்கு முதலில் உண்மையான லேபிள், அதாவது 4245, ஒட்ட வேண்டும். அப்புறம்தான் 4326க்கு மாற்ற வேண்டும். வரிசை இதுதான். பலர் நேராக 4326 என்று லேபிளை ஒட்டிவிட்டு, புள்ளி நகரவில்லையே என்று மென்பொருளைத் திட்டுகிறார்கள். மாற்றும்போது எந்தச் சூத்திரத்தால் மாற்றுவது என்று ஒரு பட்டியலும், ஒவ்வொன்றின் துல்லியம் எத்தனை மீட்டர் என்பதும் திரையில் வரும். அதைப் படிக்காமல் சரி என்று அழுத்திவிட்டுப் போகாதீர்கள்.

என் புகார் இதில்தான். அளவை முறை தெரியாத லேயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி மட்டும் காட்டுகிறது. இவ்வளவு முக்கியமான விஷயத்துக்கு அவ்வளவு சின்னக் குறியா? மூக்குக் கண்ணாடி போட்டவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பரப்பு கணக்கிடுவதிலும் இதே கதை. கணக்கிடும் பெட்டியில் டாலர் குறியோடு வரும் ஏரியா ஒன்று, குறியில்லாத ஏரியா ஒன்று. முதலாவது பூமியின் வளைவையும் கணக்கில் எடுத்துச் சதுர மீட்டர் தரும். பத்தாயிரத்தால் வகுத்தால் ஹெக்டர். இரண்டாவது லேயர் எந்த அலகில் இருக்கிறதோ அந்த அலகிலேயே கணக்குப் போடும். லேயர் டிகிரியில் இருந்தால் முப்பது ஹெக்டர் பீல்டுக்குச் சைபர் தசம சைபர் சைபர் என்று ஏதோ வரும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் வரைவில் நேராக அளந்தால் லண்டனில் பரப்பு இரண்டரை மடங்காகிவிடும். இங்கே வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான்.

ஆனாலும் மென்பொருள் சொல்லும் பரப்பும் ஆபீஸ் புத்தகத்தில் உள்ள பரப்பும் ஒத்துப்போகாது. எங்கள் தோட்டத்தில் ஒரு பீல்டு புத்தகத்தில் 32 ஹெக்டர். வரைந்து பார்த்தால் எல்லைக்குள் அவ்வளவும் இருக்கிறது. ரோடு, பாரிட், மின்கம்பிக்கு விட்ட இடம் எல்லாம் கழித்தால் மரம் நிற்பது 29 சொச்சம்தான். களைக்கொல்லி அடிக்கும் கான்ட்ராக்டருக்கு ஹெக்டர் கணக்கில் காசு. ரோட்டுக்கும் தண்ணீருக்கும் களைக்கொல்லி அடித்த கணக்கு எத்தனை காலமாக ஓடியிருக்கிறது என்று மேனேஜர் தலையில் கை வைத்தார். கான்ட்ராக்டர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மென்பொருள் காசில்லாதது என்று சொன்னேன், ஆனால் இப்படிச் சில செலவுகள் உண்டு.

பழைய காகித வரைபடத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் வசதிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆபீஸ் அலமாரியில் ரப்பர் காலத்து வரைபடம் ஒன்று இருந்தது, துணி ஒட்டிய நீலத் தாள், எட்டுச் சங்கிலி ஓர் அங்குலம். ஒரு சங்கிலி 66 அடி, பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆக அளவு ஒன்றுக்கு 6,336. இதை வருடியில் எடுத்து, ஜியோரெஃபரன்சர் என்ற கருவியில் திறந்து, காகிதத்தில் உள்ள ஓர் இடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தையும் ஜோடி ஜோடியாகச் சொல்ல வேண்டும். நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் சில. சொல்லச் சுலபம். ஆனால் ரப்பர் காலத்திலிருந்து இன்றுவரை அசையாமல் இருப்பது எது? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் போனது, ரோடு நேராக்கப்பட்டது. கடைசியில் மாரியம்மன் கோயில், பழைய புகைக்கூடத்தின் சிமெண்டு மேடை, இரண்டு ரோட்டுச் சந்திப்பு, ஒரு பாலம், இவைதான் கிடைத்தன.

ஒவ்வொரு ஜோடிக்கும் எத்தனை தள்ளி நிற்கிறது என்று கீழே ஓர் அட்டவணை வரும். எல்லாம் சில மீட்டருக்குள் நிற்க, பாலம் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓய்வுபெற்ற தண்டல் ஒருவரிடம் கேட்டேன். "அந்தப் பாலம் வெள்ளத்துல போச்சும்மா. புதுப் பாலத்த மேல தள்ளி கட்டுனாங்க" என்றார். பாலத்தை நீக்கியதும் மற்ற எல்லாம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தன. இந்த அட்டவணையைப் பார்க்காமல் மேலே போகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அந்த வரைபடம் உட்கார்ந்ததும், அதன்மேல் தண்டல் சொல்லச் சொல்லப் பழைய லயம், ஆயா கொட்டகை, கள்ளுக்கடை, சுடுகாடு எல்லாவற்றையும் புள்ளியாக வைத்தேன். மேனேஜர் கேட்கவில்லை, ஐரோப்பாவும் கேட்கவில்லை. சுடுகாட்டு எல்லை மட்டும் பிறகு உதவியது. மறுநடவுக்கு மண் தள்ளும் இயந்திரம் வந்தபோது ஓட்டுநரின் கைப்பேசியிலேயே அந்தப் பரப்பைக் காட்ட முடிந்தது.

அடுத்து, எக்செல்லில் இருக்கும் கணக்கை வரைபடத்தோடு இணைப்பது. எங்கள் மாதிரி ஆபீஸுக்கு இதுதான் உயிர். பீல்டு எண் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால், எடைக் கணக்கு தானாக வரைபடத்தில் வந்து உட்காரும். "ஒன்றாக" என்றால் அச்சாக ஒன்றாக. வரைபடத்தில் 05, எக்செல்லில் வெறும் 5 என்றால் இணையாது, முன்னால் உள்ள சைபரை எக்செல் தானாகச் சாப்பிட்டுவிடும். 3-1 என்று பீல்டுக்குப் பெயர் வைத்திருந்தால் அதைத் தேதியாக்கிவிடும். ஒரு பக்கம் எழுத்தாகவும் மறுபக்கம் எண்ணாகவும் இருந்தாலும் தகராறு. பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால் கண்ணுக்கே தெரியாது. இணையாத வரிசை எல்லாம் வெறுமையாக வரும், மென்பொருள் ஒரு வார்த்தை எச்சரிக்காது. இதை நான் குறையாகவே சொல்கிறேன். ஏன் இணையவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஏற்பாடு இருக்கலாம்.

இணைந்த பிறகு ஹெக்டருக்கு எத்தனை டன் என்று நிறம் கொடுத்து அச்சடித்து ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். காலையிலேயே மண்டோர் அண்ணன் வந்துவிட்டார். "ஏம்மா, என் பீல்டு மட்டும் ஏன் செவப்பு? போன மாசம் மழையில நாங்க பட்ட பாடு தெரியுமா?"

அவர் கேட்டது நல்ல கேள்வி. எண்களை ஐந்து நிறமாகப் பிரிக்கக் கியூஜிஐஎஸ் பல வழி தருகிறது. சம எண்ணிக்கை என்று பிரித்தால், தோட்டம் முழுக்க நன்றாக விளைந்திருந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு பீல்டுகள் கடைசி நிறத்துக்குப் போயே தீர வேண்டும். சம இடைவெளி என்று பிரித்தால் அதே பீல்டு நடுவில் வந்து உட்காரும். இயற்கை இடைவெளி என்ற மூன்றாவது முறை, எண்கள் எங்கே கூட்டம் கூட்டமாக இருக்கின்றனவோ அங்கே வெட்டும். மூன்றையும் அவர் கண்முன்னே மாற்றி மாற்றிக் காட்டினேன். சிவப்பு, மஞ்சள், மறுபடி மஞ்சள். கடைசியில் மர வயதை வைத்து இந்த வயதுக்கு இத்தனை டன் எதிர்பார்ப்பு என்று எல்லையை நாங்களே கையால் போட்டோம், அதற்கும் இடம் இருக்கிறது. யாராவது உங்களுக்கு நிறம் போட்ட வரைபடம் காட்டினால், எந்த முறையில் பிரித்தீர்கள் என்று கேளுங்கள். கணக்கில் ஓர் எண்ணையும் மாற்றாமல் ஒரு மண்டோரின் பெயரைக் கெடுக்கலாம்.

தரவை எதில் சேமிப்பது என்பதற்கு நீண்ட சண்டை ஒன்று இருக்கிறது, நான் சுருக்கமாக முடிக்கிறேன். ஷேப்ஃபைல் என்பது 1990களில் வந்த பழைய வடிவம். ஒரு லேயருக்குக் குறைந்தது மூன்று கோப்பு, பெரும்பாலும் நான்கைந்து. ஒன்றை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு "திறக்கலையா?" என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. பத்தியின் பெயர் பத்து பைட்டுக்கு மேல் போகாது. தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கு மூன்று பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. ஆகவே "கோயில்" என்ற சின்னப் பெயர்கூட அதில் அடங்காது. ஜியோபேக்கேஜ் என்ற புது வடிவத்தில் எல்லாம் ஒரே கோப்பு, தமிழில் பெயர் வைக்கலாம், கியூஜிஐஎஸ் இப்போது தானாகவே அதைத்தான் முன்னால் காட்டும். ஐரோப்பாவுக்குப் போவது ஜியோஜேசன் என்ற இன்னொரு வடிவம். அதில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. மாற்றி எழுதினால் நம் ஊருக்கு 101 டிகிரி அட்சரேகை வரும். 90க்கு மேல் அட்சரேகை உலகத்திலேயே கிடையாது, அதனால் இந்தத் தப்பு நம் நாட்டில் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும்.

ஆபீஸுக்கு வெளியே தோட்டத்தில் செய்யும் வேலைக்குக் கியூஃபீல்டு என்ற கைப்பேசிச் செயலி இருக்கிறது. சுவிட்சர்லாந்துக்காரர்கள் செய்தது, அதுவும் இலவசம். ஆபீஸில் தயாரித்த வரைபடத்தைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, லைன் கிடைக்காத இடத்திலும் புள்ளி வைக்கலாம், படம் எடுத்து ஒட்டலாம். திறந்த வெளியில் சாதாரணக் கைப்பேசி ஐந்து மீட்டருக்குள் சொல்லும். முற்றிய செம்பனை மட்டைக்குக் கீழே அந்த நம்பிக்கை வேண்டாம், நின்ற இடத்தில் நிற்கும்போதே புள்ளி உலாத்தும். ஆறு தசம இலக்கம் என்று சட்டம் கேட்கிறதே, ஆறாவது இலக்கம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். கைப்பேசி அதையும் கூச்சமில்லாமல் எழுதிக் கொடுக்கும். அதனால் எல்லை முழுக்க நடக்காதீர்கள். வெளிச்சம் விழும் மூலைகளில் மட்டும் நின்று, துல்லிய எண் இறங்கும்வரை பொறுத்துப் புள்ளி வையுங்கள். மீதியைப் படத்தைப் பார்த்து ஆபீஸில் வரையுங்கள். பக்கத்துப் பீல்டை வரையும்போது, புதுக் கோட்டைப் பழைய எல்லையோடு ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங்கை மறக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பீல்டுக்கும் நடுவில் நூல் கனத்தில் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் முளைக்கும்.

ட்ரோன் படம் எடுக்க ஒருவருக்குக் காசு கொடுத்தோம். அவர் கொடுத்தது வெறும் ஜேபெக். பார்க்க அழகு, உலகத்தில் எந்த இடம் என்ற விவரம் துளியும் இல்லை. அந்த விவரத்தோடு வரும் ஜியோடிஃப் வேண்டும் என்று கேட்டதற்கு அது தனிச் செலவு என்றார். நீங்கள் ஆள் பிடிக்கும்போதே ஜியோடிஃப் என்றும், எந்த இபிஎஸ்ஜி என்றும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காசே வேண்டாம் என்றால் சென்டினல்-2 படம் இருக்கிறது. பத்து மீட்டர் ஒரு கட்டம், மரம் மரமாகத் தெரியாது, பீல்டு தெரியும். மேகம்தான் எதிரி. உயரத் தரவுக்கு 2000இல் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் கிடைக்கும். ஆனால் அந்த ரேடார் தரையைத் தொடவில்லை, மட்டையின் உச்சியைத்தான் தொட்டது. அதை வைத்து வெள்ளம் ஏறும் இடத்தைக் கண்டுபிடிக்கப் போனால், மரம் வெட்டிய பீல்டு பள்ளமாகவும் மரம் நின்ற பள்ளம் மேடாகவும் தெரியும்.

அச்சடிக்கும் பகுதிக்கு என்னிடம் பாராட்டு இல்லை. வேலை நடக்கும், ஆனால் ஒரு தலைப்பும் ஓர் அளவுகோலும் வைக்க இத்தனை பெட்டிகளா?

காசு கொடுத்து வாங்கும் ஆர்க்ஜிஐஎஸ்ஸோடு ஒப்பிடச் சொல்வார்கள். பெரிய கம்பெனி, பயிற்சி பெற்ற ஆள், ஆதரவுக்குத் தொலைபேசி எண் எல்லாம் வேண்டும் என்றால் அதை வாங்கட்டும். ஒரு தோட்டம், ஒரு கிராணி என்றால் கியூஜிஐஎஸ்ஸே தாராளம். ஐந்தாறு ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கு அதுவும் வேண்டாம். கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசம். எல்லையை வரைந்து, பரப்பைப் பார்த்து, கேஎம்எல் கோப்பாகச் சேமித்தால் ஆலைக்காரர் வாங்கிக்கொள்வார். அந்தக் கோப்பு எப்போதும் டபிள்யூஜிஎஸ் 84தான், லேபிள் தகராறே கிடையாது.

இன்னொன்று, கியூஜிஐஎஸ்ஸில் வரைந்த எல்லை நில அளவை ஆகாது. கல் எங்கே இருக்கிறது என்று சட்டப்படி சொல்ல உரிமம் பெற்ற அளவையாளர் வேண்டும், ஜூப்பெம் என்ற நில அளவைத் துறை ஏற்ற பிளான் வேண்டும். வேலிச் சண்டையில் இருக்கும் ஒருவர் சனிக்கிழமை ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, கலர்ல ஒண்ணு அடிச்சுக் குடு, கோர்ட்டுல காட்டுறேன்." முடியாதுண்ணே என்று சொல்லி, அளவையாளரின் எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். போகும்போது, "அப்ப இத்தன நாளா அந்தக் கம்ப்யூட்டர்ல என்னதான் பண்ற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.